ஆணி அடிக்காமல் ஒரு சுவர்

“உங்க சொந்த வீடு மாதிரி நெனச்சுக்கங்க. ஆணி மட்டும் அடிச்சிராதீங்கம்மா!” என்று சொல்லித்தான் வீட்டுச் சொந்தக்காரர் சாவியைக் கையில் கொடுத்தார். வாடகை வீட்டில் குடியிருக்கும் சகோதரிகளுக்கு இந்த வசனம் மனப்பாடமாக இருக்கும். மதுரையில் இந்த வீட்டுக்கு வந்து நாலு வருஷமாக நானும் நல்ல பிள்ளையாகத்தான் இருந்தேன். முன்பு குடியிருந்தவர்கள் விட்டுப் போன ஒற்றை ஆணியில் தினசரிக் காலண்டர். மற்றபடி ஹால் முழுக்க வெறும் வெள்ளைச் சுவர். வெள்ளை என்றால் முழு வெள்ளையும் இல்லை. ஒரு மூலையில் ஈரம் பூத்துப் பழுப்பாக ஒரு திட்டு.

யாருக்கு நேரம் இருக்கிறது சுவரைப் பார்க்க? அத்தை விழும் வரை நானும் பார்க்கவில்லை.

போன ஐப்பசியில் என் மாமியார் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது. ஆபரேஷன் ஆகி வீட்டுக்கு வந்ததும் கட்டிலை ஹாலில் போட்டோம். கம்பி நடைவண்டியைப் பிடித்துக்கொண்டு தினம் நாலு அடியாவது நடக்கவேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அத்தையோ நடக்க மாட்டேன், சாப்பிட மாட்டேன் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு கிடந்தார்கள். வாய் ஓயாமல் ஊர்க்கதை பேசுகிற மனுஷி! ஒரு நாள் கஞ்சி கொடுக்கும்போது கேட்டேன், “ஏன் அத்தை இப்படி இருக்கீங்க?”

“நீ ஒரு நாள் படுத்துப் பாரு தாயி. இந்தச் செவத்தைப் பாத்துக்கிட்டே போய்ச் சேந்துருவேன் போல.”

சுருக்கென்றது எனக்கு.

அன்று சாயங்காலமே பொருட்காட்சிக்குப் போய், அருவி கொட்டுகிற பெரிய படம் ஒன்றை 1,400 ரூபாய் கொடுத்துத் தூக்கிவந்தேன். துணியில் அச்சடித்த படம். இவர் விலையைக் கேட்டுவிட்டு ஒன்றும் பேசவில்லை. (பேசாமல் இருந்தால்தான் எனக்குப் பயம்!) அத்தை இரண்டு நாள் பார்த்தார்கள். “இது எந்த ஊரு தண்ணி? இதப் பாத்தா அடிக்கடி எந்திரிச்சுப் போகத் தோணுது” என்றார்கள். ஒரே வாரத்தில் துணி தொய்ந்து, அருவி வளைந்து விழ ஆரம்பித்தது. இப்போது அது பரண் மேல்.

அடுத்து நான் செய்த காரியத்தை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது. எனக்கு அம்மா வீடு திருநெல்வேலிப் பக்கம். கல்யாணத்துக்குப் பத்தமடைப் பாய் கொடுத்தார்கள், மாப்பிள்ளை பெண் பெயரை நெய்து. கோரைப் புல்லில் நெய்தது, பட்டுப் போல மடியும். இருபது வருஷமாகச் சுருட்டித் துணியில் கட்டி வைத்திருந்தேன். அந்தப் பழுப்புத் திட்டை மறைத்த மாதிரியும் இருக்கும், அழகாகவும் இருக்கும் என்று அதை எடுத்துச் சுவரோடு சுவராகத் தொங்கவிட்டேன். கார்த்திகை மழை நின்ற பிறகு எடுத்துப் பார்த்தால் பின்பக்கம் பூராவும் கறுப்புப் பூஞ்சணம்! வெயிலில் காட்டி, உலர்ந்த துணியால் தட்டித் தட்டித் துடைத்தும் என் பெயரின் கடைசி எழுத்தில் கறை அப்படியே நின்றுவிட்டது.

ஆகவே நான் பட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்லிவிடுகிறேன். ஈரச் சுவரைப் படத்தாலோ பாயாலோ துணியாலோ மறைக்காதீர்கள். காற்றுப் படாமல் ஈரம் உள்ளேயே நின்று, மறைத்த சாமானையும் தின்றுவிடும். முதலில் திட்டின் ஓரத்தைச் சுற்றிப் பென்சிலால் ஒரு கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். மழை இல்லாத நாளிலும் ஈரம் கோட்டைத் தாண்டினால் எங்கோ குழாய் கசிகிறது என்று சந்தேகப்படலாம். எங்கள் வீட்டில் தாண்டியது. சொந்தக்காரரைக் கூப்பிட்டுக் கோட்டைக் காட்டினேன். வாய்ப்பேச்சுக்கு மசியாத மனுஷர், தேதியைப் பார்த்ததும் பிளம்பரை அனுப்பினார். மாடிக் குளியலறைக் குழாய்தான். சுவர் நன்றாகக் காய ஒரு மாதத்துக்கு மேல் விட்டு, அப்புறம்தான் வெள்ளையடித்தோம்.

சுவர் சுத்தமானது. அத்தையின் முகம் அப்படியேதான் இருந்தது.

தை மாதம் அத்தையின் தகரப் பெட்டியை வெயிலில் வைக்க எடுத்தேன். அடியில் விரித்திருந்த காகிதத்தைப் புரட்டினால், மீனாட்சி கல்யாணம்! 1971ஆம் வருஷத்துக் காலண்டர். மாதத் தாள்களைக் கிழித்துவிட்டுப் படத்தை மட்டும் பத்திரப்படுத்தியிருந்தார்கள். அம்மன் பச்சை கொஞ்சம் கூட மங்கவில்லை. கீழே மூலையில் கொண்டையராஜு என்று ஆங்கிலத்தில் கையெழுத்து.

இளம் சகோதரிகள் சிலருக்கு இந்தப் பெயர் தெரியாமல் இருக்கலாம். ஆனால் அவர் கையால் வரைந்த சாமியை உங்கள் பாட்டி வீட்டில் பார்த்திருப்பீர்கள். 1898-ல் பிறந்தவர். சென்னை ஓவியப் பள்ளியில் படித்து, நாடகக் கம்பெனிக்குத் திரைச் சீலை எழுதி, கோவில்பட்டியில் தங்கி, 1976-ல் காலமானார். அவரும் அவருடைய சீடர்களும் எழுதிய படங்கள் சிவகாசி அச்சகங்களில் காலண்டராகி, ஜவுளிக்கடை, நகைக்கடை, மளிகைக்கடை என்று எல்லாக் கடைக்காரரும் இலவசமாகக் கொடுத்தார்கள். காசு கொடுத்துப் படம் வாங்க வழியில்லாத வீடுகளிலும் அவர் எழுதிய தெய்வங்கள் இருந்தன. நானோ அதைப் பெட்டிக்கு அடியில் வைத்துக்கொண்டு 1,400 ரூபாய்க்கு அருவி வாங்கியிருக்கிறேன்!

கண்ணாடி போடும் கடைக்காரத் தம்பி படத்தைப் பார்த்ததும், “லேமினேஷன் பண்ணிரலாங்க்கா, சீப்பா முடியும்” என்றது. வேண்டவே வேண்டாம் என்றுவிட்டேன். பழைய தாளைச் சூடு காட்டி ஒட்டிவிட்டால் பிறகு பிரிக்க முடியாது. கண்ணாடியும் தாளில் நேரே படக்கூடாது, வேர்த்து ஒட்டிக்கொள்ளும். சுற்றிலும் இரண்டு அங்குலம் மவுண்ட் அட்டை வைக்கச் சொன்னேன். பின்பக்கம் பூச்சி புகாமல் காகித டேப் ஒட்டி, சுவருக்கும் சட்டத்துக்கும் நடுவே காற்றுப் போக நாலு மூலையிலும் சின்னச் சின்னத் தக்கை. எல்லாம் சேர்ந்து 750 ரூபாய். அடியில் இருந்த ஜவுளிக்கடை விளம்பரத்தை வெட்டிவிடுகிறேன் என்றது தம்பி. என்னவோ மனசு வரவில்லை. இருக்கட்டும் என்றேன்.

சரி, எங்கே மாட்டுவது? அந்த ஒற்றை ஆணி கண்ணாடிக் கனத்தைத் தாங்காது. அத்தை படுத்திருக்கும் பக்கத்துக்கு எதிரே, சுவரின் உச்சியில் வெண்டிலேட்டர் கம்பி இருக்கிறது. அதிலிருந்து முறுக்கான நைலான் கயிறு இரண்டு இறக்கி மாட்டினேன். (நோயாளியின் தலைமாட்டுக்கு மேலே மட்டும் கண்ணாடிப் படம் எதையும் தொங்கவிடாதீர்கள்.) நின்று பார்த்தால் ஜோராக இருந்தது. அத்தை சொன்னது ஞாபகம் வந்து கட்டிலில் நானே படுத்துப் பார்த்தேன். அம்மன் முகத்தில் ட்யூப் லைட்தான் தெரிந்தது! கயிறு கட்டும் வளையத்தைச் சட்டத்தில் கொஞ்சம் கீழே இறக்கிப் போட்டால் படத்தின் தலை முன்பக்கம் சாயும். அப்படிச் செய்து, முக்கால் அடி கீழேயும் இறக்கினேன். படுத்த கண்ணுக்கு நேராக அம்மன் வந்தாள்.

அத்தையைத் திருப்பிப் படுக்கவைத்தேன். ரொம்ப நேரம் பேச்சே இல்லை. பிறகு, “அந்தக் கடையிலதான் எனக்கு முகூர்த்தப் பட்டு எடுத்தாக. மாமா கடைக்காரரோட பேரம் பேசி, பட்டோட இந்தக் காலண்டரையும் வாங்கிட்டு வந்தாக” என்றார்கள். நல்லவேளை, வெட்டவில்லை! அன்றைக்கு இரவு இரண்டு இட்லி கூடுதலாக உள்ளே போனது.

அதன் பிறகு மற்ற சுவர்கள் தானாக நடந்தன. ஜன்னலுக்குச் சுங்குடிச் சேலை இரண்டைக் குறுக்கே வெட்டித் திரை தைத்தேன். கையால் முடிச்சுப் போட்டுச் சாயம் ஏற்றிய சுங்குடி என்றால் புள்ளிகள் ஒன்று போல ஒன்று இருக்காது, துணியும் அங்கங்கே சுருங்கியிருக்கும். அச்சுப் போட்டதும் விற்கிறார்கள், விலை குறைவு; திரைக்கு அதுவே போதும். முதல் இரண்டு தடவை தனியாக அலசுங்கள். எங்கள் கல்யாணத்துக்கு விரித்த பவானி ஜமுக்காளம், சிவப்பும் பச்சையுமாகப் பட்டை போட்டது, பீரோ பக்கத்தில் கம்பியில் தொங்குகிறது. பாயையும் விட்டுவிடவில்லை. கறை கீழே வருகிற மாதிரி மடித்து, காய்ந்த சுவரில், பின்னால் தக்கை வைத்து மாட்டியிருக்கிறேன். என் பெயர் முக்கால்வாசி தெரிகிறது!

மாசியில் ஒரு நாள் அடுப்படியில் இருந்தேன். டொக், டொக் என்று சத்தம். ஓடிவந்து பார்த்தால் அத்தை நடைவண்டியோடு படத்துக்கு முன்னால் நிற்கிறார்கள்! கட்டிலிலிருந்து எட்டு அடியாவது இருக்கும்.

“ஐயோ, கூப்பிட்டா வரமாட்டேனா?” என்று பதறினேன்.

“படம் ஒரு பக்கமா சாஞ்சிருக்குன்னு நாலு நாளாச் சொல்றேன். காதுல வாங்குனியா நீ?” என்று ஒரு கையால் சட்டத்தை நேராக்கிவிட்டுத்தான் திரும்பினார்கள்.

போன மாதம் வாடகை வாங்க வந்த சொந்தக்காரர் படத்தைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். அவருடைய அம்மாவும் இதே மாதிரி படம் வைத்திருந்தார்களாம், கண்ணாடிக் கடை எங்கே என்று விசாரித்துக் குறித்துக்கொண்டார். நல்ல சமயம் என்று, “ஒரே ஒரு ஆணி...” என்று இழுத்தேன்.

“அது மட்டும் வேணாம்மா” என்று சொல்லிவிட்டுப் போனார்.