ஓரத்தில் நிற்பவர்

டிஃபென்சிவ் எண்ட் என்றால் குவார்ட்டர்பேக்கைத் துரத்துபவர் என்றுதான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். எதிரணி பந்தை ஏந்தி ஓடும்போது அவர் வேலையே வேற. தடுக்க வருபவரிடம் வெளிப்பக்கக் கை மட்டும் சிக்காமல் ஓரத்தில் உறுதியாக நிற்கணும். ஓடிவருபவர் வெளியே வளைய வழியில்லாமல் உள்ளே திரும்புவார். அங்கே லைன்பேக்கர் பிடிப்பார். டேக்கிள் கணக்கும் லைன்பேக்கர் பேரில்தான்!

சரி, ஆசைப்பட்டு அவரும் உள்ளே பாய்ந்தால்? 2013 ஜனவரி பிளேஆஃபில் கிரீன் பே அணிக்காக ஓரம் காத்தவர், ரன்னிங்பேக்கிடம்தான் பந்து என்று உள்ளே பாய்ந்தார். சான் பிரான்சிஸ்கோ குவார்ட்டர்பேக் காலின் கேப்பர்னிக் பந்தைத் தானே வைத்துக்கொண்டு, காலியான ஓரத்தில் 56 கெஜம் ஓடி டச்டவுன் போட்டார். அன்று அவர் ஓடிய மொத்தம் 181 கெஜம்.

ஒழுங்காக நின்றால் யாருக்கும் தெரியாது. நகர்ந்தால் ஊருக்கே தெரியும்.