உப்புக் கணக்கு – 6: அடுப்படிக்குப் போன வீட்டுப்பாடம்

ஒரு கிலோ உப்புப் பாக்கெட் உங்கள் வீட்டில் எத்தனை நாள் வரும்?

அரிசிக்கும் எண்ணெய்க்கும் இந்தக் கணக்கு எல்லா வீட்டிலும் உண்டு. உப்புக்குக் கிடையாது. தீர்ந்தால் பிள்ளையைக் கடைக்கு அனுப்பினால் போதும். ஆளுக்கு நாளொன்றுக்கு 5 கிராமுக்குள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. நான்கு பேர் உள்ள குடும்பத்துக்கு அது 20 கிராம். அதாவது, அந்தப் பாக்கெட் 50 நாள் வரவேண்டும். சென்னையில் நடந்த ‘க்யூர்ஸ்’ ஆய்வில் 2007-ல் தெரியவந்த சராசரியோ 8.5 கிராம். அந்தக் கணக்கில் ஒரு மாதம்கூடத் தாங்காது.

இதைப் பெரியவர்களிடம் சொன்னால் தலையாட்டுவார்கள். அடுத்த வேளைக் குழம்பில் மறந்துவிடுவார்கள். சீனாவில் வேறு வழியில் முயன்றார்கள். ஷான்ஷி மாகாணத்தின் சாங்ஜி நகரில் 28 தொடக்கப் பள்ளிகளைத் தேர்ந்தெடுத்து, அதில் பாதிப் பள்ளிகளில் உப்பைப் பற்றிப் பாடம் நடத்தினார்கள். கற்றதை வீட்டில் போய்ச் சொல்லி, சமையலில் உப்பைக் குறைக்கவைப்பது பிள்ளைகளின் வேலை. ஒரு பருவம் முடிந்து பார்த்தபோது, பாடம் நடக்காத பள்ளிகளின் குடும்பங்களைவிட இங்கே பெரியவர்களின் உப்பு நாளுக்கு 2.9 கிராம் குறைந்திருந்தது.

அடுத்து அந்தப் பாடத்தை மொபைல் ஆப்பில் ஏற்றினார்கள். லண்டன் குயின் மேரி பல்கலைக்கழகத்தின் ஃபெங் ஹே உள்ளிட்ட குழுவினர் மூன்று மாகாணங்களில் 54 பள்ளிகளைக் கொண்டு இதைச் சோதித்தார்கள். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் 592 பேர், அவர்கள் வீட்டுப் பெரியவர்கள் 1,184 பேர். பாடமும், வீட்டு உப்பைக் கணக்கிடும் பகுதியும், வீட்டுப்பாடமும் ஆப்பிலேயே இருந்தன. பலனை அளக்க யாருடைய பேச்சையும் நம்பவில்லை; 24 மணி நேரச் சிறுநீரைச் சேகரித்துச் சோடியத்தை அளந்தார்கள். 2022-ல் வெளியான முடிவின்படி, ஆப் தராத பள்ளிகளின் குடும்பங்களைவிட ஓராண்டில் பெரியவர்களின் உப்பு நாளுக்கு 0.82 கிராம் குறைந்தது. ரத்த அழுத்தத்தின் மேல் அளவும் சற்று இறங்கியது. பிள்ளைகளிடம் சொல்லத்தக்க வித்தியாசம் இல்லை.

இரண்டு ஆய்வுகளும் நடந்த காலம் வேறு, இடம் வேறு. நேராக ஒப்பிடக் கூடாதுதான். ஆனாலும், வகுப்பில் நின்று பேசும் ஆசிரியரின் இடத்தைப் போன் முழுசாக நிரப்பிவிடும் என்று எண்ணுவதற்கு இந்த எண்கள் இடம் தரவில்லை. ஆசிரியர் கையில் போன் ஒரு துணைக்கருவி. அவ்வளவு போதும்.

இந்தப் பாடத்தைத் தொழிற்சாலைகள் நிறைந்த ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் பக்கம் கொண்டுவந்தால் முதல் சிக்கல் போன்தான். அது பிள்ளையுடையது அல்ல, அப்பாவுடையது. அவரோடு ஷிப்ட் பஸ் ஏறி இருங்காட்டுக்கோட்டைக்கோ வல்லத்துக்கோ போய்விடும். இரவு ஷிப்ட் வாரத்தில் அவர் தூங்கும் நேரம்தான் பிள்ளை பள்ளியில் இருக்கும் நேரம். எனவே பாடம் வகுப்பிலேயே முடிய வேண்டும். வீட்டில் செய்வது ஒரு நிமிட வேலையாக இருக்க வேண்டும். உப்புப் பாக்கெட்டைப் பிரிக்கும் அன்று அதன்மேல் பேனாவால் தேதி எழுதி, ஒரு போட்டோ எடுத்து டீச்சருக்கு அனுப்புவது. தீர்ந்த அன்று இன்னொரு போட்டோ. எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிக்கும், பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்து வாடகை அறையில் சமைக்கும் குடும்பத்துக்கும் இது புரியும்.

பாடத்தில் வரும் சமையலறையும் நம்முடையதாக இருக்க வேண்டும். சீனத்துப் பிள்ளை சோயா சாஸைக் கவனிக்கும். இங்கே இட்லி மாவிலேயே உப்பு, அதற்குத் தொட்டுக்கொள்ளும் சட்னியிலும் உப்பு. மதியம் சாம்பார், ரசம், பொரியல் என்று தனித்தனியாக விழுந்த பிறகு, தயிர்சாதத்துக்கு ஊறுகாயோ மோர் மிளகாயோ வரும். கருவாட்டுக் குழம்பு வைக்கும் அன்று கேட்கவே வேண்டாம். எல்லாவற்றையும் நிறுத்தச் சொன்னால் எந்தப் பாட்டியும் கேட்கமாட்டார். ஊறுகாய் வைத்த அன்று அப்பளம் வேண்டாம் என்று பேரன் சொன்னால் கேட்பார். கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தால் சில வாரங்களில் நாக்கும் பழகிவிடும்.

பள்ளி வாசல் பெட்டிக்கடைச் சிப்ஸுக்கு ஒரு பெருக்கல் கணக்கு போதும். உறையில் போட்டிருக்கும் சோடியத்தை இரண்டரையால் பெருக்கினால் உப்பு வந்துவிடும்: 400 மில்லிகிராம் சோடியம் என்றால் ஒரு கிராம் உப்பு. ஐந்தாம் வகுப்புக் கணக்குப் பாடத்திலேயே இதைச் சேர்க்கலாம்.

பிள்ளையின் கை எட்டாத இடம் ஒன்று உண்டு. ஷிப்டில் இருக்கும் அம்மாவும் அப்பாவும் ஒரு வேளையாவது கேன்டீனில் சாப்பிடுகிறார்கள். வல்லம் வடகாலில் 2024 ஆகஸ்டில் திறந்த சிப்காட் குடியிருப்பு ஒன்றே 18,720 பெண் தொழிலாளர்களுக்கானது. அங்கே அடம்பிடித்து உப்பைக் குறைக்கச் சொல்ல மகளோ மகனோ பக்கத்தில் இல்லை. அந்த அண்டாக்களில் விழும் உப்பை அளப்பது யார் என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.