வாசலில் ஒரு கப்பல்

அண்ணனூரில் இறங்கி, "கார் ஷெட் எங்கே?" என்று கேட்டால், சின்னக் குழந்தைகூட ரயில் பாதைப் பக்கம் கையைக் காட்டும். மின்சார ரயில்கள் இளைப்பாறும் இடம் அது. நாம் பேசப்போவது அந்த ஷெட்டைப் பற்றி அல்ல. தாத்தா காலத்து அமெரிக்கப் பிளஷர் காருக்காக வீட்டு வாசலில் தகரக் கொட்டகை போட்டிருக்கும் பாக்கியசாலிகளைப் பற்றித்தான். (பாக்கியசாலி என்பது அவர்கள் அபிப்பிராயம். வீட்டு அம்மாளைத் தனியாகக் கேட்டுப் பாருங்கள்!)

உதாரணத்துக்குப் பிளிமத் வண்டியை எடுத்துக்கொள்வோம். முழுக்க அந்நியச் சரக்கு என்று எண்ணிவிடாதீர்கள். 1947 முதல் பம்பாயில் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் கம்பெனியார் டாட்ஜ், டிஸோட்டோ, பிளிமத் வண்டிகளை இங்கேயே பூட்டி விற்றார்கள். ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் 1950களின் நடுவில் கடையைக் கட்டிக்கொண்டு போனபிறகும் இவர்கள் நிலைத்து நின்றார்கள். ஆறு சிலிண்டர், சுமார் 3.6 லிட்டர் எஞ்சின், ஏறக்குறைய 1,400 கிலோ எடை. பெட்ரோல் செலவைப் பற்றி நல்ல நாளில் பேச வேண்டாம்.

சித்திரை வெயிலில் அம்பத்தூர் எஸ்டேட் நெரிசலில் இந்தக் கப்பல் மாட்டிக்கொண்டால், சூடு காட்டும் முள் விறுவிறுவென்று ஏறும். மெக்கானிக் ரேடியேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்வார். தெர்மோஸ்டாட்டை மாற்றுவார். பில் கொடுப்பார். அடுத்த வாரம் முள் மறுபடி ஏறும்! வீட்டிலே, "விற்றுத் தொலையுங்கள்" என்ற பேச்சு ஆரம்பமாகும்.

விற்பதற்கு முன் ஒரு காரியம் செய்யுங்கள். தண்ணீர்ப் பம்புக்குப் பின்னால், எஞ்சின் பிளாக்கின் உள்ளே, நீளவாக்கில் தகட்டுக் குழாய் ஒன்று ஒளிந்திருக்கிறது. குளிர்ந்த நீரை முன் சிலிண்டர் முதல் பின் சிலிண்டர் வரை, வால்வுகளின் பக்கம் பங்கிட்டுக் கொடுப்பது அதன் வேலை. பந்தியில் கடைசி இலை வரைக்கும் சாம்பார் வருவதைப் பார்த்துக்கொள்ளும் பெரியவர் மாதிரி. அது துருப்பிடித்து ஓட்டையானால் முன்பக்கத்தோடு பந்தி முடிந்துவிடும். ஐந்தாவது, ஆறாவது சிலிண்டர்கள் தாகத்தால் தவிக்கும். அப்படியே ஓட்டிக்கொண்டிருந்தால் வால்வு இருக்கையில் விரிசல் விழும். பிறகு பிளாக்குக்கே ஆபத்து.

ரேடியேட்டரையும் பம்பையும் கழற்றி, கொக்கி போட்டுத்தான் அதை இழுக்க வேண்டும். சில சமயம் துண்டு துண்டாக வரும். பொறுமை வேண்டும், ஐயா! புதிதாகப் பித்தளைத் தகட்டில் செய்துகொள்ளலாம். பழைய குழாயிலிருந்த துவாரங்களின் அளவும் இடமும் மாறக்கூடாது. எஸ்டேட்டில் பட்டறைகளுக்கா பஞ்சம்? அதன்பிறகு ஆழ்துளைக் கிணற்று உப்புத் தண்ணீரை ரேடியேட்டரில் ஊற்றாதீர்கள். காய்ச்சி வடித்த நீரும் கூலன்ட்டும்தான் ஊற்றலாம். கொதிக்கும் எஞ்சினில் பச்சைத் தண்ணீரைக் கொட்டுவது கூடவே கூடாது.

அடுத்தது பாட்டரி. 1955 வரை வந்த பிளிமத்துக்கு 6 வோல்ட். அதிலும் விசேஷம், பாடியோடு சேர்வது ப்ளஸ் கம்பி. இந்தக் கால மெக்கானிக் பழக்க தோஷத்தில் மைனஸை அங்கே பூட்டினால் கோளாறுதான். சூடானபின் செல்ஃப் எடுக்க முனகுகிறதா? பாட்டரியைப் பழிக்காமல் கம்பியின் கனத்தைப் பாருங்கள். பாதி வோல்ட்டில் அதே வேலை செய்ய இரு மடங்கு மின்சாரம் ஓட வேண்டும். இன்றைய மெல்லிய கம்பி அதற்குப் போதாது.

பஞ்சர் கடைக்காரரிடமும் முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டியது ஒன்று உண்டு. இந்த வண்டியின் இடப்பக்கச் சக்கர போல்ட்டுகள் இடது மரை. எல்லா வண்டியையும் போலத் திருகினால் இன்னும் இறுகும். அவர் குழாய் மாட்டி ஏறி மிதித்தால் 'டக்'கென்று முறியும். இடது சக்கரங்களில் எந்தப் பக்கம் திருக வேண்டும் என்று சிவப்புப் பெயின்ட்டால் அம்புக்குறி போட்டுவையுங்கள்.