கோபுரத்துக்கு முன் வந்த செங்கல் சூளை

சவுத் பிரிட்ஜ் சாலையில் ஸ்ரீ மாரியம்மன் கோயில் கோபுரத்தைப் படம் எடுக்கும் சுற்றுப்பயணிகள் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. சைனாடவுன் நடுவில் தமிழர் கோயில் எப்படி வந்தது? நம் வீட்டுப் பிள்ளைகளும் இதையே கேட்கிறார்கள். தமிழர் இடம் என்றால் லிட்டில் இந்தியா என்று பழகிவிட்டோம்.

பதில் தேட 1819க்குப் போக வேண்டும். அந்த ஆண்டு மே மாதம் ராஃபிள்ஸ் இரண்டாம் முறை சிங்கப்பூர் வந்தபோது, அதே கப்பலில் பினாங்கிலிருந்து வந்தவர் நாராயண பிள்ளை. ஊரில் அப்போது மரமும் அத்தாப்புக் கூரையும்தான். வீடு கட்ட ஆளும் கல்லும் வேண்டும் என்பதைக் கண்டுகொண்ட அவர், தஞ்சோங் பகார் பக்கம் செங்கல் சூளை போட்டார். கொத்தனார், தச்சர், துணி வியாபாரிகளை அனுப்பச் சொல்லி பினாங்கு நண்பர்களுக்கு எழுதினார். சிங்கப்பூரின் முதல் இந்தியக் கட்டடக் குத்தகையாளராக அவரைத்தான் வரலாறு சொல்கிறது.

அவர் பாதை நேரானதல்ல. கிராஸ் ஸ்திரீட்டில் துணிக்கடையும் வைத்தார். 1822ல் அது தீயில் போனது, கடன் கழுத்தை நெரித்தது. ராஃபிள்ஸிடம் முறையிட்டு, இன்று ராஃபிள்ஸ் பிளேஸ் எனப்படும் கமர்ஷியல் ஸ்குவேரில் நிலம் பெற்று மறுபடி எழுந்தார்.

கோயிலுக்கும் இடம் உடனே அமையவில்லை. தெலுக் ஆயரில் முதலில் கொடுத்த நிலத்தில் நல்ல தண்ணீர் இல்லை. அடுத்த இடம் நகரத் திட்டத்தோடு ஒத்துவரவில்லை. 1823ல்தான் சவுத் பிரிட்ஜ் சாலை நிலம் கிடைத்தது. 1827ல் அங்கே எழுந்த கோயிலும் மரமும் அத்தாப்பும்தான். செங்கல் சூளை வைத்திருந்தவர் கட்டிய கோயிலுக்குச் செங்கல் இல்லை! இன்று நிற்கும் செங்கல் பகுதிகளில் பழையது 1843ஐச் சேர்ந்தது. பக்கத்திலேயே 1826 முதல் சூலியா முஸ்லிம்களின் ஜாமிஆ பள்ளிவாசல். சீனர் குடியிருப்பும் சூலியா குடியிருப்பும் ஆரம்பம் முதல் அக்கம்பக்கம். பகோடா ஸ்திரீட், டெம்பிள் ஸ்திரீட், மோஸ்க் ஸ்திரீட் என்ற பெயர்கள் அதற்குச் சாட்சி.

செங்கல்லை ஒட்டச் சுண்ணாம்பு வேண்டுமே. அதற்குச் சிராங்கூன் சாலை. பவளப்பாறையையும் சிப்பியையும் விறகுக் காளவாயில் சுட்டு, தண்ணீர் தெளித்து நீற்றினால் சுண்ணாம்பு. அந்தத் தொழில் நடந்த வட்டாரத்துக்கு நம் ஆட்கள் வைத்த பெயர் சுண்ணாம்புக் கம்பம். வீரமாகாளியம்மன் கோயிலைச் சுண்ணாம்புக் கம்பம் கோயில் என்றே அழைத்தார்கள். அங்கு மாடு வந்ததும் கடைத்தெரு செழித்ததும் பிறகு.

இன்னொரு கூட்டத்தையும் மறக்கக்கூடாது: 1825 முதல் 1873 வரை இங்கு வைக்கப்பட்டிருந்த இந்தியக் கைதிகள். சென்னை மாகாணத்தவரும் அதில் இருந்தனர். 1858ல் சிராங்கூன் சாலையில் அரசு தொடங்கிய சூளையில் அவர்கள் அறுத்த செங்கலுக்கு 1867ல் ஆக்ரா கண்காட்சியில் வெள்ளிப் பதக்கம் கிடைத்தது. செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயச் சுவரின் பளபளப்பும் அவர்கள் கைவண்ணமே. முட்டை வெள்ளைக்கருவையும் வெல்லத்தையும் சிப்பிச் சுண்ணாம்போடு அடித்து, தேங்காய் மட்டை ஊறிய நீர் சேர்த்துப் பூசி, கல்லால் தேய்த்து மெருகேற்றினார்கள். ஊரில் பாட்டன்மார் செய்த அதே மதராஸ் சுண்ணாம்புப் பூச்சு.

முன்னோர் என்றதும் நமக்கு ரப்பர் தோட்டம்தான் நினைவுக்கு வரும். ரப்பர் கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்தது 1877ல். நாராயண பிள்ளையின் சூளைப் புகை அடங்கி வெகுநாள் ஆகியிருந்தது.

ஐப்பசியில் தீமிதிக்குச் செல்லும் பக்தர்கள் சிராங்கூன் சாலை பெருமாள் கோயிலிலிருந்து மாரியம்மன் கோயில்வரை ஏறத்தாழ 4 கிலோமீட்டர் நடக்கிறார்கள். சுண்ணாம்பு வெந்த இடத்தில் புறப்பட்டு, செங்கல் அடுக்கிய இடத்தில் முடிகிறது அந்த நடை.