சீனர் எழுதிய சோழன் பெயர்

ஜெயங்கொண்டம் பக்கம் மாளிகைமேட்டில் ராஜேந்திர சோழனின் அரண்மனை இருந்த இடத்தைத் தோண்டியபோது சீனப் பீங்கான் சில்லுகளும் கிடைத்தன. சீனப் பாண்டம் இங்கே வந்ததைப் போல, சோழன் பெயரும் சீனாவுக்குப் போனது. ராஜராஜன் அனுப்பிய தூதுக்குழு 1015-இலும், ராஜேந்திரன் அனுப்பியது 1033-இலும் சோங் பேரரசின் அவையை அடைந்தன.

அங்கே எழுத்தருக்கு ஒரு சிக்கல். நம்மைப் போல உயிரும் மெய்யும் சேர்த்து எழுதும் முறை அவர்களிடம் இல்லை. எலும்பிலும் ஆமை ஓட்டிலும் கீறிய 3,000 ஆண்டுக்கு முந்தைய காலத்திலிருந்தே, ஓர் எழுத்து என்றால் பெரும்பாலும் ஒரு சொல். அந்நியப் பெயர் வந்தால், ஒலி ஒத்த எழுத்துகளைக் கடன் வாங்குவார்கள். 'சோழ' என்பதற்கு இரண்டு எழுத்து: ஒன்றுக்குப் பொருள் 'நீர் ஊற்றுதல்', மற்றதற்கு 'ஆள் இழுக்கும் வண்டி'. ராஜராஜன் பெயருக்குள் தேயிலையைக் குறிக்கும் எழுத்தே உட்கார்ந்திருக்கிறது! ராஜேந்திரன் பெயரில் 'ர' ஒலிக்கு வந்த எழுத்தின் இடப்பக்கம் ஒரு சின்னச் சதுரம். அது 'வாய்'. பொருளைப் பார்க்காதே, ஒலியை மட்டும் எடுத்துக்கொள் என்று படிப்பவருக்குச் சாடை.

இன்று பெய்ஜிங்காரர் 'சோழ' என்பதற்கான அந்த இரண்டு எழுத்தைப் படித்தால் 'ஜூ-நியேன்' என்பார். ஆயிரம் ஆண்டில் உச்சரிப்பு நகர்ந்துவிட்டது. எழுத்து ஏறக்குறைய அப்படியே நிற்கிறது.