ஏழு நாளா, முப்பது நாளா?

சமூகவியல், பொருளியல், சமூகப் பணி என்று எதில் முதுகலை சேர்ந்தாலும் 'ஆராய்ச்சி முறையியல்' என்றொரு தாள் வந்தே தீரும். மாதிரி எடுப்பது, வினாநிரல் தயாரிப்பது, நேர்காணலுக்குப் போவது என்று அலகு அலகாக நடத்துவார்கள். மாணவர்களில் பலர் தேர்வுக்கு முந்தைய வாரம் அதை உருப்போட்டு எழுதிவிட்டு மறந்துவிடுகிறார்கள். எனக்கு இதில் தீராத வருத்தம் உண்டு. இந்தியாவில் எத்தனை கோடிப் பேர் ஏழைகள் என்ற கேள்வியின் விடையையே ஆட்டிப்பார்க்கும் விஷயம் ஒன்று அந்தத் தாளில் இருக்கிறது. 'நினைவுகூரும் காலம்' என்ற சின்னத் தலைப்பின் கீழ் அது ஒன்றிரண்டு பத்தியோடு முடிந்துவிடும்.

கணக்கெடுப்பாளர் ஒருவர் ஒரு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கேட்கிறார்: "கடந்த முப்பது நாளில் எவ்வளவு சமையல் எண்ணெய் செலவானது?" வீட்டுக்காரம்மா யோசிக்கிறார். மாதத் தொடக்கத்தில் மளிகைக் கடையில் வாங்கிய இரண்டு லிட்டர் நினைவுக்கு வருகிறது. நடுவில் விருந்தாளி வந்தபோது தெருமுனைக் கடையில் அவசரத்துக்கு வாங்கிய கால் லிட்டர் பாக்கெட் நினைவில் இல்லை. அது கணக்கில் விழாமல் போகிறது. இப்போது கேள்வியை மாற்றுவோம்: "கடந்த ஏழு நாளில் எவ்வளவு?" போன வாரம்தான் மீன் வறுத்தோமே என்று அவருக்குத் தோன்றுகிறது. உண்மையில் மீன் வாங்கி ஒன்பது நாள் ஆகிவிட்டது. அந்த எண்ணெயும் ஏழு நாள் கணக்கில் சேர்ந்துவிடுகிறது.

அந்த அம்மா இரண்டு முறையும் பொய் சொல்லவில்லை. காலம் நீண்டால் சில்லறைச் செலவுகள் மறந்து கணக்கு குறைகிறது. காலம் சுருங்கினால் எல்லைக்கு வெளியே கிடப்பதும் உள்ளே இழுபட்டுக் கணக்கு கூடுகிறது. இரண்டு பிழைகளும் எதிரெதிர்த் திசையில் இழுக்கின்றன. ஒரே குடும்பம், ஒரே அடுக்களை. ஆனால் மாதச் செலவு என்று எழுதப்படும் தொகை மட்டும் கேள்விக்குத் தக்கபடி மாறுகிறது.

இதை இந்தியாவில் ஆரம்பத்திலேயே கவனித்தவர் புள்ளியியலாளர் பி.சி.மஹலனோபிஸ். 1950-ல் தேசிய மாதிரிக் கணக்கெடுப்பு தொடங்கிய கையோடு இந்தச் சந்தேகம் எழுந்தது. எது சரியான காலம் என்று மேசையில் உட்கார்ந்து வாதாடாமல், 1950-களின் தொடக்கத்தில் மேற்கு வங்கத்தில் ஒரு சோதனை நடத்தினார்கள். சில வீடுகளில் வாரக் கணக்கு கேட்டார்கள், சிலவற்றில் மாதக் கணக்கு கேட்டார்கள், வேறு சில வீடுகளில் அரிசியையும் பருப்பையும் தராசில் நிறுத்தே பார்த்தார்கள். தராசு காட்டிய அளவோடு ஒட்டி வந்தது மாதக் கணக்கு. வாரக் கணக்கு அதிகமாகச் சொன்னது. அதன் பிறகு நாற்பதாண்டுகளுக்கும் மேலாக இந்தியக் கணக்கெடுப்பில் முப்பது நாள்தான் நிலைத்தது. மனித நினைவை ஒரு தராசுத் தட்டோடு ஒப்பிட்டுச் சோதித்த அந்தக் காரியத்தை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மலைப்பாக இருக்கிறது.

உலகின் மற்ற நாடுகள் பலவற்றில் உணவுக்குக் குறுகிய காலத்தையே கேட்பார்கள். இந்தியா மட்டும் ஏன் மாதக்கணக்கில் நிற்கிறது என்ற விமர்சனம் வளர்ந்தது. 1994 முதல் 1998 வரை தேசிய மாதிரிக் கணக்கெடுப்பு நிறுவனம் மறுபடி சோதித்தது. சீட்டுக் குலுக்கியது போல வீடுகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியில் முப்பது நாளும் மறு பாதியில் ஏழு நாளும் கேட்டார்கள். ஏழு நாள் கேட்ட வீடுகளில் உணவுச் செலவு ஏறக்குறைய 30 சதவீதம் கூடுதலாகப் பதிவானது. மொத்தச் செலவு 17 சதவீதம் அளவுக்குக் கூடியது. பார்க்கச் சிறிய வித்தியாசம் போலத் தோன்றும். ஆனால் வறுமைக் கோட்டுக்குச் சற்று மேலும் கீழுமாகத்தான் கோடிக்கணக்கான குடும்பங்கள் நெருக்கிக்கொண்டு வாழ்கின்றன. அங்கே 17 சதவீதம் நகர்ந்தால் ஏழைகளின் எண்ணிக்கை கிட்டத்தட்டப் பாதியாகிவிடும். ஒருவருக்கும் ஒரு பிடி அரிசி கூடுதலாகக் கிடைக்காமலேயே ஏறத்தாழ இருபது கோடிப் பேர் காகிதத்தில் வறுமையிலிருந்து வெளியேறிவிடுவார்கள்.

அடுத்து வந்தது 1999-2000ஆம் ஆண்டின் பெரிய கணக்கெடுப்பு, 55ஆவது சுற்று. இரு தரப்பையும் சமாதானப்படுத்தும் வகையில் ஒரு முடிவு எடுத்தார்கள். உணவுப் பொருள்களுக்கு ஒரே வீட்டில், ஒரே படிவத்தில், ஏழு நாளுக்கு ஒரு பத்தி, முப்பது நாளுக்குப் பக்கத்திலேயே இன்னொரு பத்தி. கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் இரண்டு பத்திகளும் அடுத்தடுத்து இருக்கும்போது என்ன நடக்கும்? வாரத்துக்கு அரை லிட்டர் எண்ணெய் என்று சொன்னவர் மாதத்துக்கு ஒன்றேகால் லிட்டர் என்றால் கணக்கு உதைக்கிறதே என்று அவருக்கே தோன்றும், எழுதுபவருக்கும் தோன்றும். இரண்டையும் பொருத்திப்பார்த்துச் சரிசெய்துகொள்வார்கள். முப்பது நாள் பத்தி இருந்தது உண்மை. ஆனால் அது முந்தைய சுற்றுகளில் தனியாகக் கேட்கப்பட்ட முப்பது நாள் கேள்வியாக இல்லை. பக்கத்துப் பத்தி அதை மேலே இழுத்துவிட்டது.

1993-94-ல் 36 சதவீதமாக, அதாவது சுமார் 32 கோடிப் பேராக இருந்த வறுமை, 1999-2000-ல் 26 சதவீதம், சுமார் 26 கோடிப் பேர் என்று அறிவிக்கப்பட்டது. பொருளாதாரச் சீர்திருத்தம் ஏழைகளுக்கு உதவியதா, கெடுத்ததா என்று நாடே விவாதித்துக்கொண்டிருந்த நேரம் அது. அந்தப் பெரிய விவாதம் இரண்டு பத்திகள் அருகருகே அச்சானதில் போய்ச் சிக்கிக்கொண்டது.

இதிலிருந்து மீள வழி கண்டவர்களில் முக்கியமானவர் பொருளியலாளர் ஆங்கஸ் டீட்டன். பின்னாளில், 2015-ல், நோபல் பரிசு பெற்றவர். அவர் செய்தது எளிமையில் அழகானது. படிவம் முழுவதும் கெடவில்லை என்பதைக் கவனித்தார். விறகு, மண்ணெண்ணெய், மின்சாரம் போன்ற எரிபொருள் செலவும் வேறு சில சில்லறைச் செலவுகளும் பழைய சுற்றுகளைப் போலவே முப்பது நாளுக்கு மட்டும் கேட்கப்பட்டிருந்தன. பக்கத்தில் ஏழு நாள் பத்தி இல்லை. இந்தச் செலவுகள் குடும்பத்தின் மொத்தச் செலவோடு சேர்ந்தே ஏறி இறங்குபவை. ஆகவே கெடாத பகுதியிலிருந்து, பழைய முறையில் கேட்டிருந்தால் மொத்தச் செலவு என்னவாக வந்திருக்கும் என்று கணித்தார். கிராமப்புற வறுமை அதிகாரபூர்வமாக 27 சதவீதம் என்று சொல்லப்பட்டிருக்க, இந்தக் கணிப்பில் அது சுமார் 30 சதவீதம் ஆனது. வறுமை குறைந்தது உண்மை, அறிவித்த அளவுக்கு இல்லை என்பதே 2002-ல் அவரும் பொருளியலாளர் ஜான் திரேஸும் சேர்ந்து எழுதிய கட்டுரையின் சாரம்.

முறையியல் வகுப்பில் இந்தக் கதையை முதல் நாளே சொல்ல வேண்டும் என்பது என் ஆசை. வகுப்பை இரண்டாகப் பிரித்து, பாதிப் பேரைத் தங்கள் தெருவில் ஏழு நாள் கணக்கும் மீதிப் பேரை முப்பது நாள் கணக்கும் கேட்டு வரச் சொல்லலாம். செலவில்லாத பயிற்சி. களத்துக்கு அனுப்பிக் கற்றுக்கொடுப்பது நமக்குப் புதிதும் அல்ல. சென்னைப் பல்கலைக்கழகத்தில் இது நூறாண்டுக்கு முன்பே நடந்தது.

அங்கே இந்தியப் பொருளியலுக்கு முதல் பேராசிரியராக வந்த கில்பர்ட் ஸ்லேட்டர், ஆக்ஸ்ஃபோர்டின் ரஸ்கின் கல்லூரி முதல்வராக இருந்தவர். 1916 வாக்கில் அவர் மாணவர்கள் கையில் ஒரு வினாநிரலைக் கொடுத்து, விடுமுறையில் அவரவர் ஊரை ஆராய்ந்து வரச் சொன்னார். நிலம் யாரிடம் எவ்வளவு, கூலி எவ்வளவு, கடன் எவ்வளவு, என்ன விளைகிறது, எங்கே விற்கிறது என்றெல்லாம் கேள்விகள். வந்து சேர்ந்த விடைகளிலிருந்து 1918-ல் 'சில தென்னிந்தியக் கிராமங்கள்' என்ற பொருள்படும் ஆங்கில நூல் வெளிவந்தது. தென்னார்க்காட்டின் இருவேல்பட்டு, வடார்க்காட்டின் தூசி, தஞ்சையின் பாலக்குறிச்சி, திருநெல்வேலியின் கங்கைகொண்டான், இராமநாதபுரத்தின் வடமலைபுரம் ஆகிய ஊர்கள் அதில் இடம்பெற்றன.

அந்தப் பக்கங்களை எழுதியவர்கள் விடுமுறைக்கு ஊர்போன மாணவர்கள். அதன் முழு மதிப்பு பிறகுதான் புரிந்தது. 1930-களில் பி.ஜே.தாமஸும் கே.சி.ராமகிருஷ்ணனும் அதே ஊர்களில் மறு ஆய்வு நடத்தினார்கள். 1960-களில் மார்கரெட் ஹாஸ்வெல் போனார். 1980-களில் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தவர் போனார்கள். இருவேல்பட்டுக்கு 2008-லும் ஆய்வாளர்கள் போனார்கள். சில நிலவுடைமையாளர்களின் கை ஓங்கியிருந்த ஊரில் அந்தப் பிடி எப்படித் தளர்ந்தது, பண்ணையாள் முறை எப்படி மறைந்தது, விவசாயத்துக்கு வெளியே வேலை தேடும் வாழ்க்கை எப்படி வந்தது என்று ஏறத்தாழ ஒரு நூற்றாண்டின் மாற்றத்தை ஒரே ஊரில் வைத்துப் பார்க்க முடிகிறது. நாட்டில் இப்படித் தொடர்ச்சியாகப் பதிவான ஊர்கள் மிகச் சில. தொடக்கம் ஒரு வகுப்புப் பயிற்சி!

அந்த விடைகளை வாசிக்கும்போது கேட்டது யார் என்பதையும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். 1916-ல் பல்கலைக்கழகம் வரை படிக்கவந்த பிள்ளைகள் பெரும்பாலும் நிலமும் வசதியும் உள்ள வீட்டுப் பிள்ளைகளாகத்தான் இருந்திருப்பார்கள். நிலக்காரர் மகன் நோட்டுப் புத்தகத்தோடு வந்து "உன் கடன் எவ்வளவு?" என்று கேட்டால், கூலிக்காரர் என்ன சொல்லியிருப்பார், எதைச் சொல்லாமல் விட்டிருப்பார்?

இந்தக் கேள்வியை வெளிப்படையாக எதிர்கொண்டவர் சமூகவியலாளர் ஆந்த்ரே பெத்தேல். 1960-களின் தொடக்கத்தில் தஞ்சை மாவட்டத்தில் அவர் 'ஸ்ரீபுரம்' என்று புனைபெயர் கொடுத்த ஊரில் தங்கி ஆய்வு செய்தார். சாதி, வர்க்கம், அதிகாரம் பற்றிய அந்த நூல் 1965-ல் வெளிவந்தது. அவருக்குத் தங்க இடம் கிடைத்தது அக்ரஹாரத்தில். அங்கே வீடு கிடைத்ததால் பிராமணர் வாழ்க்கையை நெருங்கிப் பார்க்க முடிந்தது. அதே காரணத்தால் ஊர் மக்கள் அவரை அக்ரஹாரத்து ஆளாகவே பார்த்தார்கள். சேரிக்குள் அவரால் அந்த அளவுக்குத் தாராளமாகப் போய்வர முடியவில்லை. இதை அவர் மறைக்கவில்லை, நூலிலேயே எழுதினார். எந்தத் தெருவில் படுத்து எழுந்தார் என்பது தெரிந்தால்தான் அவர் கண்ட ஊரை நம்மால் சரியாக எடைபோட முடியும். வினாநிரலில் நினைவுகூரும் காலத்தைக் குறிப்பிடுவதும் இதுவும் ஒரே ஒழுக்கத்தின் இரண்டு கிளைகள் என்றே நான் நினைக்கிறேன்.

நுகர்வுக் கணக்கெடுப்புக்கே திரும்புவோம். 55ஆவது சுற்றின் சிக்கலுக்குப் பிறகு மறுபடி வீடுகளில் அளந்து சோதித்தார்கள். எல்லாப் பொருளுக்கும் ஒரே காலம் பொருந்தாது என்று தெரிந்தது. அரிசி, பருப்பு, சர்க்கரைக்கு முப்பது நாள். எண்ணெய், முட்டை, மீன், இறைச்சி, காய்கறி, பழத்துக்கு ஏழு நாள். துணிமணி, செருப்பு, கல்விச் செலவுக்கு ஒரு வருடம் என்று பிரித்துக் கேட்கும் முறை வந்தது. யோசித்துப் பார்த்தால் இது நம் வீடுகளின் தாளத்தையே பின்பற்றுகிறது. அரிசி மாதத்துக்கு ஒருமுறை மூட்டையாக வருகிறது, காய்கறி அன்றாடம் வருகிறது, புதுத்துணி தீபாவளிக்கு வருகிறது.

2022-23 கணக்கெடுப்பில் இன்னொரு மாற்றம் செய்தார்கள். நீண்ட படிவம் பதிலளிப்பவரைக் களைப்படையச் செய்கிறது, களைத்தவர் கடைசிப் பக்கங்களில் "இல்லை, இல்லை" என்று சொல்லி முடித்துவிடுகிறார் என்பது கள ஆய்வாளர்கள் எல்லோரும் அறிந்தது. ஆகவே உணவுக்கு ஒன்று, மற்ற நுகர்பொருள்களுக்கும் சேவைகளுக்கும் ஒன்று, நீண்டகாலம் உழைக்கும் பொருள்களுக்கு ஒன்று என்று படிவத்தை மூன்றாக்கி, ஒரே வீட்டுக்கு மூன்று மாதங்களில் மூன்று முறை போனார்கள். களைப்பு குறைந்தால் சொல்லும் செலவு கூடும். அப்படியானால் 2011-12 கணக்கெடுப்பைவிடக் கூடியிருக்கும் செலவில் எவ்வளவு வாழ்க்கை உயர்ந்ததால், எவ்வளவு கேட்ட முறையால்? பொருளியலாளர்கள் இப்போது அதைத்தான் விவாதிக்கிறார்கள். அந்தக் கணக்கெடுப்பின் வீடுவாரித் தரவுகளையும் மூன்று படிவங்களையும் மத்தியப் புள்ளியியல் அமைச்சகத்தின் இணையதளத்திலிருந்து எந்த மாணவரும் காசில்லாமல் இறக்கிக்கொள்ளலாம்.