வேலையிடத்தில் மன நிறைவு

உண்பதும் உறங்குவதும் போக எஞ்சிய பொழுதில் பெரும் பகுதியைக் காரியாலயத்திலும் தொழிற்சாலையிலுமே நாம் கழிக்கிறோம். பிறந்த ஊரையும் உற்றாரையும் விட்டு வந்து வாழும் நமக்கு, உடன் வேலை செய்வோரே பாதிச் சுற்றம். அங்கே மனம் வாடினால் அவ்வாட்டம் மாலையில் நம்மோடு வீட்டுக்கும் வந்து, மனைவி மக்கள்மீது சினமாக இறங்குகிறது.

மன நிலைக்கும் வேலைக்கும் உள்ள தொடர்பை, சிகாகோவை அடுத்த ஹாதார்ன் தொலைபேசிக் கருவி ஆலையில் 1924 முதல் 1932 வரை ஆராய்ந்தனர். முதலில் விளக்கொளியைக் கூட்டினர், வேலை மிகுந்தது. ஒளியைக் குறைத்தனர், அப்போதும் வேலை குறையவில்லை! 1927இல் பெண் தொழிலாளர் சிலரைத் தனி அறையில் அமர்த்தி, இடை ஓய்வு தந்தும், வேலை நேரத்தைச் சுருக்கியும், மாறுதல்களைப் பற்றி அவர்களுடன் கலந்து பேசியும் சோதித்தனர். உற்பத்தி உயர்ந்தது. தம்மைப் பொருட்படுத்திக் கேட்பவர் உளர் என்னும் எண்ணமே அவர்களுக்கு ஊக்கமளித்தது என்று எல்டன் மேயோ முதலிய அறிஞர் கருதினர்.

பின்வந்தோர் இம்முடிவை ஐயுறாமலில்லை. அறையில் இருந்தவர் மிகச் சிலர். அவருள் இருவர் 1928இல் மாற்றப்பட்டனர். கூலி கணக்கிடும் முறையும் மாறியிருந்தது. ஆகவே, இன்சொல் ஒன்றே போதும், ஓய்வும் ஊதியமும் வேண்டா என்று கொள்வதற்கில்லை. வாரத்தில் 55 மணியோ அதற்கு மேலோ உழைத்ததால் நேர்ந்த பக்கவாதத்தாலும் இருதய நோயாலும் 2016இல் உலகில் ஏறத்தாழ 7,45,000 பேர் மாண்டனர் என்பது, உலகச் சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழில் நிறுவனமும் 2021இல் வெளியிட்ட மதிப்பீடு. இத்தகைய உழைப்பை வாங்கிக்கொண்டு, "முகமலர்ச்சியுடன் இரு" என்று உபதேசிப்பதால் என்ன பயன்?

மனநோயை ஆராய்வதோடு நில்லாமல், மனிதனின் நற்பண்புகளையும் மன நிறைவையும் ஆராய வேண்டும் என்று 1998இல் அமெரிக்க உளவியல் சங்கத் தலைவராயிருந்த மார்ட்டின் செலிக்மன் வற்புறுத்தினார். அவ்வழி வந்ததே இன்று நேர்மறை உளவியல் எனப்படும் துறை. ஒருவனிடம் உள்ள குறையை மட்டுமன்றி நிறையையும் காண்பது அதன் அடிப்படை.

இதனை நடைமுறையில் கொள்வது அரிதன்று. பிழையைத் தனியே அழைத்துச் சொல்லலாம். நன்கு முடித்த வேலையைப் பலர் அறியப் பாராட்டலாம். "தம்பி, இந்தக் கணக்கைச் செவ்வையாக முடித்துவிட்டாய்" என்று தலைமைக் குமாஸ்தா சொல்வதற்குச் செலவு ஏதுமில்லை. கணக்கில் கெட்டிக்காரனைக் கணக்கிலும், பேச்சுத் திறனுடையவனைப் பொதுமக்களிடமும் அமர்த்தினால் வேலையும் சிறக்கும். பொங்கலுக்கு நாம் ஊர் செல்ல நம் பொறுப்பை வங்காள நண்பர் ஏற்றால், துர்க்கா பூஜையின்போது அவர் பொறுப்பை நாம் ஏற்பதே முறை.

நம்மில் பலர் இன்று பத்துப் பேரை மேய்க்கும் நிலையில் இருக்கிறோம். ஊரிலிருந்து புதிதாக வந்த இளைஞன் இந்தியில் தடுமாறும்போது நகைப்பவரோடு நாமும் நகையாது, அருகில் அமர்ந்து நாலு சொல் கற்பிப்போமாக. "சாப்பிட்டாயா? தங்குவதற்கு இடம் கிடைத்ததா?" என்று கேட்போமாக. அவன் மனம் வேலையில் ஊன்றுவதற்கு அதுவே தொடக்கமாகும்.